வண்டியே வீடாக

வீட்டை விட்டுப் பயணம் போவது ஒன்று. வீட்டையே உடன்கொண்டு பயணம் போவது மற்றொன்று. முன்னதற்கு வழியில் சத்திரமும் உணவு விடுதியும் வேண்டும். பின்னதற்கு அவை வேண்டா. அடுப்பும் அரிசியும் படுக்கையும் தண்ணீரும் பயணிகளோடு கூடவே வருகின்றன; பொழுது சாய்ந்த இடமே ஊர், சக்கரம் நின்ற இடமே வீடு.

அமெரிக்க நாட்டின் தென்மேற்கில் அரிசோனா, யூட்டா என்னும் மாநிலங்கள் உள்ளன. மழை அரிதாகிய அப்பாலை நிலத்தைக் கொலராடோ என்னும் ஆறு பல இலட்சம் ஆண்டுகளாக அறுத்து அறுத்து, 446 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடைய பெரும்பிளவு ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. 1919ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய பூங்காக்களைக் காண, நண்பர் சிலர் கூடி, படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்தப்பெற்ற பெரிய மோட்டார் வண்டியில் புறப்பட்டு, பகலெல்லாம் செம்பாறைகளைக் கண்டு, இரவில் வண்டியிலேயே உறங்குவர். குறித்த இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். கொண்டுவந்த பொருளின் கழிவைத் தாமே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பன அங்குள்ள விதிகள். இதனைக் கேட்போர் மேனாட்டார் கண்ட புதுமை என்று வியப்பர். மோட்டார் புதியதுதான்; வண்டியே வீடாதல் தமிழருக்குப் புதியதன்று.

சங்க காலத்தில் உமணர் என்போர் இருந்தனர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று, நெல்லுக்கு மாற்றுவது அவர்தம் தொழில். ஓரிடத்தும் நிலையாக இராமல் ஆண்டின் பெரும்பகுதியை வழியிலேயே கழித்தமையால், மனைவி மக்களும் உடன் சென்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டிகளைக் கண்முன் நிறுத்துகிறது. வண்டியின் மேல் கூரை உண்டு. கோழி அடையும் கூடு உண்டு. காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்குகிறது. குழந்தையை உடைய தாயொருத்தி எருதுகளைப் பின்னிருந்து ஓட்டுகிறாள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலோ, உமணர் வண்டியோடு வந்த பெண்குரங்கு ஒன்று அவர்தம் பிள்ளைகளோடு பிள்ளையாய் விளையாடுகிறது. அவ்விளையாட்டு நிகழ்ந்த இடம் பாண்டியரின் கொற்கை. தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில் இருந்த பட்டினம் அது.

உமணர் சென்ற வழிகளுட் பல பாலை வழிகள். கோடையின் கொடுமையால் காடும் மலையும் தம் வளம் இழந்து, நிழலும் நீரும் அற்றுப் போன நிலையே பாலை எனச் சான்றோர் கொண்டனர். அவ்வழியில் வண்டியின் அச்சு முறிந்தால் தச்சனைத் தேடிப் போக இயலாது. ஆதலின் வேறோர் அச்சை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டே புறப்படுவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அதற்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். இன்று மோட்டார் வண்டியின் பின்புறத்தில் ஒரு சக்கரம் சும்மா தொங்குகிறதே, அதன் முன்னோன் இச்சேம அச்சே. உமணர் அப்பால் சென்ற பிறகு அவர்கள் இருந்ததற்கு அடையாளமாகக் காட்டிடையே எஞ்சி நின்றவை அடுப்புக்கற்கள் மட்டுமே. அவற்றையும் அகநானூற்றுப் புலவர் கண்டு பாடினர்.

இவ்வழக்கம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் நிலைத்து நின்றது. ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு மக்கள் மாட்டு வண்டிகளில் சென்ற பயணத்தை அதன் தொடர்ச்சி என்றே கூறலாம்.

பயணத்தின் தொடக்கம் வண்டியன்று, மாடு. மாட்டுக்கு மேலப்பாளையம். தாமிரபரணியின் தென்கரைப் பக்கத்தில் பாளையங்கால்வாய் பாயும் இவ்வூர் 1994ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலி மாநகராட்சியில் அடங்கியது. இங்கே செவ்வாய்க்கிழமைதோறும் கால்நடைச் சந்தை கூடும். இசுலாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழும் இவ்வூர் ஒருகாலத்தில் ஜமக்காள நெசவுக்கும் பெயர்பெற்றிருந்தது. ஆகவே ஐயனார் கோயிலுக்குப் போகும் வண்டியை இழுக்கும் காளையும், அவ்வண்டிக்குள் விரிக்கும் ஜமக்காளமும் மேலப்பாளையத்திலிருந்து வந்தவையாக இருப்பதில் வியப்பில்லை. சமயத்தால் வேறுபட்டோர் சந்தையில் ஒன்றுபட்டனர்.

வண்டிமாடு வாங்குவது ஒரு கலை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதை அறிவர். கன்றின் பால்பற்கள் இரண்டாம் வயதளவில் இணை இணையாக விழுந்து, அவற்றின் இடத்தில் பெரிய பற்கள் தோன்றும். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என எண்ணி, எட்டும் முளைத்ததைக் கடை சேர்ந்தது என்பர். கடை சேர்ந்த பிறகு தேய்மானத்தைக் கொண்டுதான் வயதைக் கணிக்க வேண்டும். அவ்விடத்தில்தான் வாங்குவோன் ஏமாறுவதும் உண்டு. விலையைத் தரகர் வாயால் கூறார். ஒரு துண்டை மேலே போர்த்து, அதன் அடியில் வாங்குவோன் கைவிரல்களைப் பிடித்து அழுத்தி விலை பேசுவர். சூழ நின்றோர்க்கு ஒன்றும் விளங்காது. ஒற்றை மாடு எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. உயரத்திலும் நடையிலும் ஒத்த ஜதை வேண்டும். ஒன்று விரைந்தும் மற்றொன்று தளர்ந்தும் நடந்தால் நுகம் கோணி, இரண்டின் கழுத்தும் புண்ணாகும். நெடும்பயணத்துக்கு முன் லாடம் அடிப்பர். மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது ஆகையால், குதிரைக்குப் போல் காலுக்கு ஒன்று போதாது; காலுக்கு இரண்டாக ஒரு மாட்டுக்கு எட்டு வேண்டும்.

இனி வண்டி. சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்பட்டு வட்டையில் சென்று பொருந்தும். வட்டை ஒரே மரத்தால் ஆனதன்று. வளைந்த துண்டுகள் பலவற்றை இணைத்து அமைத்தது. அவை பிரிந்து போகாமல் காப்பது மேலே உள்ள இரும்புப் பட்டை. பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறிதாகச் செய்வர். பின் அதனை வறட்டி நெருப்பில் வைத்துப் பழுக்கக் காய்ச்சுவர். சூட்டால் இரும்பு விரியும். விரிந்த நிலையில் வட்டையின்மேல் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவர். புகையும் ஆவியும் எழ, இரும்பு சுருங்கி, வட்டையையும் ஆரையும் குடத்தையும் ஒருசேர இறுக்கிப் பிடிக்கும். ஆணி இல்லாமலே பல உறுப்புகள் ஓர் உறுப்பாகும் விந்தை இது. சக்கரம் அச்சிலிருந்து கழன்று போகாமல் தடுக்கும் கடையாணியோ விரல் அளவினது; அது விழுந்தால் வண்டி குடை சாயும்.

வண்டிப் பாரின்மேல் மூங்கில் வளையங்களை நட்டுப் பாய் வேய்ந்தால் கூண்டு வண்டி. உள்ளே முழங்கால் அளவு வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரிப்பர். வைக்கோல் இரு தொழில் செய்யும்: போகும்போது மெத்தை, திரும்பும்போது மாட்டுக்குத் தீனி. அரிசி, பருப்பு, கருப்பட்டி, புளி, மிளகாய் வற்றல் ஆகியவை மூட்டைகளாக முன்பக்கமும், பாத்திரங்கள் பின்பக்கமும் அமையும். பருத்திக்கொட்டையும் தவிடும் மாட்டின் பங்கு. அச்சின் அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். சுமை முன்னால் மிகுந்தால் முன்பாரம். மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் பின்பாரம். நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே மேட்டில் ஏறும்போது உள்ளிருப்போரை முன்னே நகரச் சொல்லியும், பள்ளத்தில் இறங்கும்போது பின்னே தள்ளி அமரச் சொல்லியும் வண்டியோட்டி குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான். தூங்கும் பாட்டியையும் அவன் விடான்.

மேலப்பாளையத்திலிருந்து பாபநாசம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாடு மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டரே நடக்கும். இடையே அசை போடவும் நீர் அருந்தவும் ஓய்வு வேண்டும். வெயிலை அஞ்சி, பொழுது சாய்ந்தபின் புறப்படுவர். உறவினரும் நண்பருமாக ஐந்தாறு வண்டிகள் வரிசையாகச் செல்லும். முன்வண்டியின் விளக்கைப் பார்த்துப் பின்வண்டி மாடுகள் தாமே நடக்கும். பின்வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் கேடில்லை. முன்வண்டிக்காரன் மட்டும் கண்ணயரலாகாது. முன்னீர்ப்பள்ளம் கடந்து, கோரைப்பாய்க்குப் பெயர்போன பத்தமடை வழியே சேரன்மகாதேவியை அடையும்போது இரவு பெரும்பகுதி கழிந்திருக்கும். அங்கே ஆற்றங்கரை மர நிழலில் வண்டிகளை அவிழ்ப்பர். மூன்று கல் கூட்டி அடுப்பு. விறகு பொறுக்கச் சிறுவர். தண்ணீர் கொண்டுவரப் பெண்கள். முதல்நாள் உணவு வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோறே. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் உப்பும் சோறு கெடாமல் காப்பதால், பயண உணவாக முன்னோர் அதனைத் தேர்ந்தனர். வாழையிலையில் பொதிந்த சோற்றை இரண்டாம் வேளை அவிழ்க்கும்போது எழும் மணத்தை அறியாதார்க்கு அதனை எடுத்துரைத்தல் அரிது. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஊர்கள் தொடரும். மேற்கே செல்லச் செல்ல மலை நெருங்கும். ஆடிக் காற்றோடு சாரல் வந்து கூண்டின் பாயை நனைக்கும். உள்ளிருக்கும் சிறுவர் மழை மழை என்று கூவுவர். திருநெல்வேலியில் அப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

பாபநாசத்துக்கு அப்பால் மலைப்பாதை. வண்டி ஏற ஏறச் சக்கரத்தின் பின்னால் கல்லை அண்டை கொடுத்து மாட்டை நிறுத்தி மூச்சு வாங்க விட வேண்டும். ஆடவர் இறங்கி வண்டியைத் தள்ளுவர். முண்டந்துறையைக் கடந்து காரையாற்றுப் பகுதியை அடைந்தபின், ஆற்றோரத்தில் கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து குடில் அமைப்பர். நான்கு நாள், ஒரு வாரம், சில குடும்பங்கள் அதற்கு மேலும் அங்கேயே தங்கியதுண்டு. அந்நாள்களில் காட்டின் நடுவே ஓர் ஊரே தோன்றிவிடும்.

சொரிமுத்து ஐயனார் கோயிலின் பரம்பரை அறங்காவல் உரிமை சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியது. 2020ஆம் ஆண்டில் மறைந்த ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஜமீன் ஒழிந்து பல்லாண்டு கழிந்த பிறகும், ஆடி அமாவாசையன்று அரச உடையில் மக்களுக்குக் காட்சி தந்து வந்தார். கோயிலில் ஐயனாரோடு சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன் முதலிய தெய்வங்களும் உண்டு. பட்டவராயன் சந்நிதியில் அடியார்கள் தோற்செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவதைக் காணலாம். பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். அந்தண குலத்தில் பிறந்தவன். இம்மலைப் பகுதியில் தோல்தொழில் செய்யும் குடியிற் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை விரும்பி, அவர்களை மணப்பதற்காகப் பூணூலை அகற்றிச் செருப்புத் தைக்கவும் இசைந்தவன். மாமனாரின் ஆநிரையைக் கள்வரிடமிருந்து காக்கப் போராடி உயிர் துறந்தவன். வில்லுப்பாட்டுக் கலைஞர் இரவு முழுவதும் இக்கதையைப் பாட, குடில்களிலிருந்து மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கேட்பர். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசிய ஊர்களிலிருந்தே அம்மக்கள் வந்தனர் என்பதும், அச்செருப்பின் முன் எல்லோரும் கைகூப்பினர் என்பதும் எண்ணத்தக்கன.

அங்குள்ள இலுப்பை மரம் ஒன்றை மணி விழுங்கி மரம் என்பர். வேண்டுதலுக்காக மரத்தில் கட்டிய மணிகள் நாளடைவில் மரத்தினுள் மறைந்துவிடுகின்றன. இதன் காரணம் எளிது. மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அது புதுக் கட்டையை உண்டாக்க, மரம் பருக்கும். பருக்கும்போது எதிர்ப்பட்ட பொருளைத் தள்ள இயலாமையால் அதனைச் சூழ்ந்து வளர்ந்து மூடிக்கொள்ளும். காரணத்தை அறிந்தவனுக்கும் அம்மரத்தின் முன் நிற்கும்போது வியப்புக் குறைவதில்லை.

இத்துணைச் சிறப்பும் நிகழும் இடம் எது? புலிகள் வாழும் காடு. முண்டந்துறைக் காடு 1962ஆம் ஆண்டில் புலிகளுக்கான சரணாலயமாயிற்று. 1976இல் களக்காட்டுக் காடு சிங்கவால் குரங்கைக் காக்கும் சரணாலயம் ஆயிற்று. இரண்டும் இணைந்து 1988இல் தமிழ்நாட்டின் முதற்புலிகள் காப்பகமாக அமைந்தன. யானையும் கரடியும் மிளாவும் காட்டெருமையும் ஆற்றில் நீர்நாயும் அங்கே வாழ்கின்றன. மாட்டு வண்டியில் சில நூறு குடும்பங்கள் வந்தபோது காடு அதனைத் தாங்கியது. சாலை வந்தது, பேருந்தும் வேனும் லாரியும் வந்தன, வருவோர் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. அடுப்பு ஒன்றுக்கு ஒரு கட்டு விறகு என்றால் காட்டுக்கு என்ன எஞ்சும்? ஒலிபெருக்கி முழங்கும் இரவில் விலங்கு எவ்வாறு ஆற்றுக்கு நீருண்ண வரும்? மிச்சச் சோற்றைத் தின்று பழகிய குரங்கும் பன்றியும் காட்டுணவை மறக்கின்றன. உமணர் விட்டுச் சென்றவை கற்கள். இக்காலத்தார் விட்டுச் செல்பவை நெகிழிப் பைகள். ஆற்றில் மூழ்கி எழுந்தோர் உடுத்த துணியை அங்கேயே விட்டுவிடும் வழக்கம் பாபநாசத்தில் பெருங்கேடாயிற்று. செயற்கை நூலால் ஆன துணி மட்குவதில்லை. பாறையிடுக்கில் சிக்கி, மீனின் வழியை அடைத்து, குளிப்போர் காலையும் பற்றும்.

ஆறு அங்கே நின்றுவிடுவதில்லை. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலை அடையும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலை அடையும் இவ்வாற்றின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் எட்டு உள்ளன. அவற்றுள் பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிவதே மேலப்பாளையத்தின் ஊடே ஓடும் பாளையங்கால்வாய். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இலட்சம் மக்களுக்குக் குடிநீர் இவ்வாற்று நீரே. காரையாற்றில் சோப்பு நுரையை விட்டவர், வீடு திரும்பிக் குடத்தில் பிடிப்பதும் அந்நீரையே.

ஆகவே அண்மை ஆண்டுகளில் அரசு பல கட்டுப்பாடுகளை விதித்தது. குடில் அமைத்துத் தங்கும் நாள்கள் குறைக்கப்பட்டன, தங்குமிடங்கள் வரையறுக்கப்பட்டன, நெகிழிப் பொருள்கள் சோதனைச் சாவடியில் தடுக்கப்பட்டன, தனியார் ஊர்திகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் செல்லும் ஏற்பாடும் வந்தது. பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் மக்கள் கூடுவதற்கே இசைவு தரப்படவில்லை. இக்கட்டுப்பாடுகளைப் பற்றி வருந்துவோர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் குடிலிட்டுப் பொங்கலிட்ட குடும்பத்துக்கு, காலையில் பேருந்தில் ஏறி மாலையில் திரும்புவது வழிபாடாகத் தோன்றவில்லை. எங்கள் பாட்டன் காலத்தில் நாங்களா காட்டை அழித்தோம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. பாட்டன் அழிக்கவில்லை, அவன் வண்டியில் கொண்டுவந்த பொருள்களுள் மட்காதது எதுவும் இல்லை, அவனோடு வந்தோர் சிலரே. வழக்கம் மாறவில்லை, வருவோர் தொகையும் கொண்டுவரும் பொருளும் மாறின. இதனைக் கருதாமல் வனத்துறையாரை மட்டும் பழிப்பதும், வழிபட வருவோரை எல்லாம் காட்டின் பகைவர் எனக் கருதுவதும் ஒருபோலப் பிழையானவை. புலி தன் காட்டில் வாழவும் ஐயனார் தம் கோயிலில் பொங்கல் பெறவும் எத்தனை நாள், எத்தனை பேர் என்னும் கணக்கு ஆண்டுதோறும் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றாகவே இருந்து வருகிறது.

அக்காலத்தில் அமாவாசை கழிந்த மறுநாள் குடில்கள் பிரிக்கப்படும். கம்பையும் கிடுகையும் வண்டியில் ஏற்றி, அடுப்புச் சாம்பலில் நீர் தெளித்து, மாடுகளை நுகத்தில் பூட்டுவர். போகும்போது சாட்டையைக் காட்ட வேண்டியிருந்த மாடுகள் திரும்பும்போது தாமே விரையும். தொழுவம் எத்திசையில் உள்ளது என்பதை அவை அறியும். வைக்கோல் மெத்தை நாளுக்கு நாள் தாழ்ந்து, சேரன்மகாதேவிக்கு வரும்போது பார்ச்சட்டம் முதுகில் உறுத்தும். மேலப்பாளையத்தை அடைந்ததும் முதல் வேலை மாடுகளைக் கால்வாயில் இறக்கி, கழுத்தில் நுகம் பட்ட இடத்தை வைக்கோலால் தேய்த்துக் கழுவுவது. சிறுவர் கரையில் நின்று, மலையில் பொறுக்கிய கூழாங்கற்களை எண்ணிக்கொண்டிருப்பர்.